காற்று அடித்தால் கால் நிமிரும், கோளாறு தீருமா?

இம்முறை வந்திருக்கும் கேள்விகள் எல்லாமே பழைய சிறு விமானங்களின் சக்கரக் கால்களைச் சுற்றியே இருக்கின்றன. செரோக்கி, செஸ்னா 150, ஜே-3 கப் என்று விமானங்கள் வேறு வேறு. ஆனால் எழுதியவர்களில் பலர் சந்தேகப்படுவது காலுக்குள் அடைத்திருக்கும் காற்றை. சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் அதோடு உள்ளே இருக்கும் ஆயிலை.

கேள்வி: என்னுடையது பைப்பர் செரோக்கி 140. வலது கால் தொய்ந்து, விமானம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. காற்று அடித்தால் நிமிர்கிறது. இரண்டு வாரத்தில் பழைய கதை. தரையிறங்கும்போது ‘டங்’ என்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம் வேறு. எத்தனை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அடிக்க வேண்டும்?

பிஎஸ்ஐ கணக்கை மறந்துவிடுங்கள். தரையில் நிற்கும் விமானத்தில் காலுக்குள் இருக்கும் அழுத்தத்தை முடிவு செய்வது பம்ப் அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் எடை. எடையைப் பிஸ்டனின் பரப்பால் வகுத்தால் அழுத்தம் வந்துவிடும். நீங்கள் கூடுதலாகக் காற்று அடித்தால் அழுத்தம் ஏறாது; கால் நீளும், அவ்வளவுதான். அதனால்தான் செரோக்கி 140-க்கு அழுத்தத்தைச் சொல்லாமல் நீளத்தைச் சொல்கிறார்கள். எரிபொருளும் என்ஜின் ஆயிலும் நிறைந்து, இருக்கைகள் காலியாக இருக்கும்போது, வெளியே தெரியும் பளபளப்பான குழாய் பின்கால்களில் நாலரை அங்குலம், முன்காலில் மூன்றேகால் அங்குலம் இருக்க வேண்டும். அளப்பதற்கு முன் இறக்கை முனையைப் பிடித்து நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்டிவிடுங்கள். ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான சீலின் பிடிப்பினால் கால் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும்.

இனி அந்த ‘டங்’. காலுக்குள் காற்று ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. ஆயில், நடுவில் உள்ள சிறு துளை வழியாகப் பிதுங்கிப் போய் அதிர்ச்சியின் வேகத்தைத் தின்கிறது. ஆயில் குறைந்து அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டால் இரண்டு வேலையும் கெடும். எவ்வளவு கெடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஸ்டன் 50 மி.மீ. விட்டம், மேலே 300 கிலோ சுமை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுமார் 15 பார் அழுத்தம், அதாவது ஏறக்குறைய 218 பிஎஸ்ஐ. ஆயில் சரியாக இருந்தால், நாலரை அங்குலம் நிமிர்ந்து நிற்கும்போது காற்றுக்கு இருக்கும் இடம் சுமார் 224 மி.லி. தரையிறங்கும் அடியில் கால் 9 செ.மீ. அமுங்கினால் அது 47 மி.லி.யாகச் சுருங்கும், காற்று மட்டுமே சுமார் 1,500 கிலோ விசையோடு எதிர்த்து நிற்கும். அதே காலில் 200 மி.லி. ஆயில் குறைவு, காற்றை அடித்து அதே நாலரை அங்குலத்துக்கு நிமிர்த்தியிருக்கிறீர்கள் என்றால்? அதே 9 செ.மீ. அமுங்கும்போது எதிர்ப்பு சுமார் 530 கிலோதான். வெப்ப மாற்றத்தைச் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கால்களும் அச்சாக ஒரே மாதிரி நிற்கும் என்பதைக் கவனியுங்கள். துளை வழியாகவும் ஆயிலுக்குப் பதில் நுரை பாய்வதால் தடை கிடையாது. பிஸ்டன் நேராக மேலே போய் முட்டுகிறது. அதுதான் உங்கள் ‘டங்’.

ஆகவே முதலில் ஆயில், பிறகு காற்று. விமானத்தை இரண்டு இறக்கை ஜாக்கி இடங்களிலும் தூக்குங்கள். வால் பகுதியைக் கீழே இழுத்துப் பிடிக்கும் எடையைக் கட்டாமல் தூக்காதீர்கள். வால்வு மூடியைக் கழற்றி, உள்ஊசியை அமுக்கிக் காற்றை மெதுவாக வெளியேற்றுங்கள். நுரையாய்ச் சிவப்பு ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். சீறல் முழுதாக நின்ற பிறகே ஊசியைக் கழற்ற வேண்டும். வால்வு உடலையோ ஆயில் நிரப்பும் அடைப்பானையோ அழுத்தம் இருக்கும்போது ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் அது துப்பாக்கிக் குண்டுபோலக் கிளம்பும்.

ஊசி இருந்த இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இறுக்கமாகச் செருகி, மறுமுனையை 5606 என்ற தர எண் கொண்ட ஹைட்ராலிக் ஆயில் உள்ள பாத்திரத்தில் முழுக வையுங்கள். பிறகு சக்கரத்தைப் பிடித்துக் காலை முழுதாக அமுக்குங்கள், முழுதாக இழுங்கள். அமுக்கும்போது குமிழிகள் வெளியே வரும், இழுக்கும்போது ஆயில் உள்ளே போகும். அவசரம் கூடாது. வேகமாக ஆட்டினால் ஆயில் நுரைத்து, குமிழி வருவது நிற்கவே நிற்காது. குழாயில் ஒரு குமிழிகூடத் தெரியாமல் ஆயில் மட்டும் போய்வரும்வரை செய்யுங்கள். கடைசியாக, கையேடு சொல்லும் அளவுக்குக் காலை அமுக்கி வைத்துக்கொண்டு அடைப்பானைத் திறந்து பாருங்கள். ஆயில் மட்டம் துளையின் அடிவரை தெரிய வேண்டும். மூடி, பூட்டுக்கம்பி போட்டு, விமானத்தை இறக்கி, அதன் பிறகுதான் நைட்ரஜன்.

இவ்வளவும் செய்தபின் இரண்டு வாரத்தில் மறுபடி தொய்ந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். அதற்குத்தான் அடுத்த கேள்வி.

கேள்வி: காலை முழுதாகப் பிரித்து ஓ-ரிங்குகளை (வட்ட ரப்பர் சீல்களை) மாற்ற வேண்டும். எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

பிரிப்பது பாதி நாள் வேலை. அதில் பாதி நேரம் கழுவுவதற்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் எங்கோ குறுக்கு வழியில் போகிறீர்கள்.

மேலே சொன்னபடி தூக்கி, காற்றை இறக்கி, ஆயிலை வடியுங்கள். பிரேக் காலிப்பரை அதன் பிரேக் ஆயில் குழாயோடு சேர்த்துக் கழற்றிக் கம்பியால் ஓரமாகத் தொங்கவிட்டால் பிரேக்கில் காற்றுப் புகாது. காலிப்பரின் எடை அந்தக் குழாயில் தொங்கக் கூடாது. பிறகு கத்தரிக்கோல் மாதிரி இருக்கும் டார்க் லிங்க். அதன் நடு போல்ட்டில் உள்ள வாஷர்கள் எத்தனை, எந்தப் பக்கம் எத்தனை என்று போட்டோ எடுத்து வையுங்கள். அவை வெறும் இடைவெளி நிரப்பிகள் அல்ல. சக்கரம் நேராகப் பார்க்கிறதா, உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கிறதா என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. இடம் மாற்றிப் போட்டால் சில மாதத்தில் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து காட்டிக்கொடுக்கும்.

செரோக்கி வகைக் கால்களில் வெளிச் சிலிண்டரின் அடிவாயில் ஒரு ஸ்னாப் ரிங், அதாவது பள்ளத்துக்குள் விரிந்து பூட்டும் வளையம், இருக்கும். பிஸ்டனை மேலே தள்ளிவைத்தால்தான் அது கைக்கு எட்டும். அதை எடுத்தால் தூசியைத் துடைக்கும் வைப்பர், வாஷர், அடிப் பேரிங் எல்லாவற்றோடும் பிஸ்டன் வெளியே வரும். உதிரிகளை வந்த வரிசையிலேயே ஒரு சுத்தமான துணிமேல் அடுக்குங்கள். எந்த முகம் மேலே இருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓ-ரிங்கைக் கூரிய இரும்புக் கொக்கியால் தோண்டி எடுப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. காடியின் (ரிங் உட்காரும் பள்ளத்தின்) அடியில் விழும் மயிரிழைக் கீறல் போதும், புது ஓ-ரிங்கும் ஒழுகும். மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் கொக்கியோ போதுமானது. எடுத்ததைத் தூக்கி எறியாமல் உற்றுப் பாருங்கள். தட்டையாகிப் போயிருந்தால் வயது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பேரிங்கில் ஆட்டம். சுருள் சுருளாக வெட்டு விழுந்திருந்தால் போன முறை முறுக்கிப் போட்டிருக்கிறார்கள். வீங்கிப் பிசுபிசுத்திருந்தால் யாரோ தவறான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தக் காலின் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றிக் குழாயையும் கழுவ வேண்டும்.

புதியவற்றை விமானத் தயாரிப்பாளரின் உதிரிபாகப் பட்டியலில் உள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். அளவு ஒன்றாகத் தெரியும் தொழிற்சாலை ஓ-ரிங்கின் ரப்பர் வேறாக இருக்கலாம். 5606 கனிம ஆயிலுக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும்; எத்திலீன் புரொப்பிலீன் ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். உறையில் அச்சான தயாரிப்புத் தேதியைப் படியுங்கள். உறை இல்லாமல் டப்பாவில் உருளும் ஓ-ரிங்குக்குப் பிறந்த தேதி தெரியாது, வேண்டாம்.

போடும்போது ரிங்கையும் காடியையும் அதே 5606-ல் நனையுங்கள். கூரிய விளிம்பையோ மரையையோ தாண்ட வேண்டிய இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் வழுக்கிக் கொண்டுபோங்கள். காடியில் உட்கார்ந்தபின் ரிங்கைச் சுற்றிலும் பாருங்கள். வார்ப்பு அச்சின் இணைப்புக்கோடு ஒன்று மெலிதாகத் தெரியும். அது ஒரே மட்டத்தில் வட்டமாக ஓடினால் சரி. திருகுபோல ஏறி இறங்கினால் முறுக்கு விழுந்திருக்கிறது, எடுத்துத் திரும்பப் போடுங்கள். பின்தாங்கும் டெஃப்லான் வளையம் இருக்கும் காடிகளில், அது அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். மாறிப் போட்டால் ஓ-ரிங் இடைவெளிக்குள் பிதுங்கிக் கடிபடும்.

கடைசியாக ஸ்னாப் ரிங். அது காடிக்குள் முழுதாக இறங்கிவிட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் தள்ளி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இறங்கியிருந்தால் தடையில்லாமல் சுற்றும். விமானம் தரையை விட்டு எழும்போது பிஸ்டனும் சக்கரமும் முழு வேகத்தில் கீழே உதைக்கின்றன. அந்த உதையை வாங்கும் இடம் இது.

கேள்வி: பிஸ்டன் குழாயின் குரோம் பூச்சில் சிறு சிறு புள்ளிகள். தேய்த்து எடுத்துவிடலாமா?

முதலில் விரல் நகத்தால் தடவுங்கள். நகம் சிக்காத கறை என்றால் துடைத்துவிட்டுப் பறக்கலாம். நகம் சிக்கினால் அந்தப் புள்ளி சீல் ஓடும் பாதையில் இருக்கிறதா, இல்லையா என்று பார்க்க வேண்டும். பாதைக்கு வெளியே இருந்தால் விளிம்பை மட்டும் மிக நுண்ணிய சாணைக்கல்லில் மழுக்கிவிட்டுக் கண்காணிக்கலாம். பாதைக்குள் இருந்தால், ஒவ்வொரு அமுக்கத்திலும் அந்தக் குழி ஒரு துளி ஆயிலை வெளியே கொண்டுவரும், ஒரு சிட்டிகைத் தூசியை உள்ளே கொண்டுபோகும். உப்புத்தாள் போட்டு நீளவாக்கில் தேய்ப்பது குழியைவிட மோசம். சீலுக்குக் குறுக்கே ஆயிலுக்கு நீங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறீர்கள்.

குழியில் எபாக்ஸி வைத்து மட்டமாக்குகிறவர்கள் உண்டு. அடுத்த பெரிய பராமரிப்புவரை இழுத்துப் பிடிக்க உதவலாம். அதற்கு மேல் அதை நம்ப எனக்கு மனமில்லை, ஏனென்றால் அடியில் துரு தன் வேலையைத் தொடர்கிறது. சரியான வழி பழைய குரோமை நீக்கி, எஃகில் வெடிப்பு இருக்கிறதா என்று காந்தத்துகள் சோதனை செய்து, மறுபடி முலாம் பூசி, அளவுக்குச் சாணை பிடிப்பது. முலாம் பூசுபவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: பூசியபின் அடுப்பில் வைத்துச் சூடு கொடுப்பீர்களா? முலாம் தொட்டியில் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்றாவிட்டால், வலிமை கூடிய எஃகு பார்க்க நன்றாக இருந்துகொண்டே ஒருநாள் சொல்லாமல் விரிசல் விடும். கேள்வி புரியாமல் விழித்தார் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அன்றாடப் பழக்கம் ஒன்றே இதில் பாதியைத் தடுக்கும். பறந்து முடித்ததும் 5606-ல் நனைத்த பஞ்சில்லாத துணியால் பளபளப்பான பகுதியைத் துடையுங்கள். பூச்சியும் மண்ணும் காய்ந்தபின் அமுங்கினால், வைப்பர் அதைச் சாணைத்தாளாக்கிக் கொள்ளும்.

கேள்வி: டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் போதாதா? நைட்ரஜன் எதற்கு?

வேலைக்கூடக் கம்ப்ரசர் பெரும்பாலும் 10 பார் அளவில் நின்றுவிடும். மேலே போட்ட கணக்கில் சுமை உள்ள காலுக்கு 15 பார் தேவை. எனவே கால் அசையவே அசையாது. தவிர, கம்ப்ரசர் காற்றோடு ஈரமும் போய் உள்ளே துருவாகும். உலர்ந்த நைட்ரஜனில் அந்தத் தொல்லை இல்லை. சிலிண்டரில் 150 முதல் 200 பார் இருக்கும். அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் இணைப்பது தற்கொலை. ஆக்சிஜன் சிலிண்டரை எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் காலின் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். அழுத்தமான ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும்.

வால்வு ஊசியையும் டயரிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. உயர் அழுத்த ஊசியின் தண்டு முனையில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

கேள்வி: செஸ்னா 150. முன்காலைக் கொஞ்சம் தாராளமாக நிரப்பினேன், மூக்கு நன்றாக நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் தரையில் ஓட்டும்போது பெடல் மிதித்தால் திரும்ப மறுக்கிறது.

தாராளம்தான் காரணம். செஸ்னாவின் முன்கால் முழுதாக நீளும்போது சக்கரத்தை நேராக்கிப் பூட்டும் அமைப்பு உள்ளே இருக்கிறது. பறக்கும்போது சக்கரம் கோணிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். தரையில் நிற்கும்போதும் கால் நீண்டே இருந்தால் பூட்டு விடுபடாது. செஸ்னா 150-ன் முன்காலுக்கு, சக்கரத்தின்மேல் சுமை இல்லாத நிலையில் 20 பிஎஸ்ஐ. செஸ்னா 172-க்கு 45. சுமை இல்லாமல் அளப்பதால் இங்கே மட்டும் அழுத்த எண் பொருள் தருகிறது. குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் சிறிய மானியால் அளவுங்கள்.

முன்சக்கரம் ஓடும்போது படபடவென்று ஆடினால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். மூக்கைத் தூக்கிச் சக்கரத்தை இடவலமாக அசைத்து, டார்க் லிங்க் புஷ்களில் எவ்வளவு ஆட்டம் என்று பாருங்கள். அடுத்து, ஆட்டம் தணிக்கும் டாம்பரில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரச் சமநிலை அதற்கும் பிறகு.

கேள்வி: ஜே-3 கப்பில் ஓலியோவே (காற்றும் ஆயிலும் நிரப்பிய கால்) இல்லையே. ரப்பர் கயிற்றை எப்போது மாற்றுவது?

வெளிப்பின்னல் நூல் அறுந்து பிசிறு தட்டினாலோ, இறக்கைகள் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றாலோ, ஆயிலோ பெட்ரோலோ பட்டு ஊறியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். கயிற்றின் வயதை அதுவே சொல்லும். பின்னலுக்குள் ஓடும் வண்ண நூல்களில் ஒரே நிறத்தில் இரண்டு இழைகள் ஆண்டைக் குறிப்பவை, மூன்றாவது இழை காலாண்டை. ஜனவரி முதல் மார்ச் வரை சிவப்பு, அடுத்த மூன்று மாதம் நீலம், பிறகு பச்சை, கடைசிக் காலாண்டு மஞ்சள். ஆண்டு நிறங்கள் சுழற்சியில் திரும்பத் திரும்ப வரும் என்பதால் வாங்கிய ரசீதையும் பதிவேட்டில் வையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். இழுக்கும் கருவி இல்லாமல் கம்பியும் கடப்பாரையும் வைத்து நெம்பினால் வழுக்கிய கொக்கி கையையோ கண்ணையோ கேட்கும். கயிறு அறுந்தால் கால் விரிந்துவிடாமல் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பிவடம் பொருத்தியிருந்தால், அதன் பூட்டு முனைகளையும் அதே சமயத்தில் பாருங்கள்.

மூனி எம்20 வைத்திருப்பவர்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதில் ஆயிலும் இல்லை, கயிறும் இல்லை. பின்கால்களில் நான்கு நான்கு, முன்காலில் மூன்று என்று 11 ரப்பர் வட்டுகள். அவை வயதாகி இறுகினால் சிறு பள்ளம்கூட முதுகெலும்பில் தெரியும். மாற்றியபின் கால் மடக்கும் பொறியின் பூட்டு இறுக்கத்தைக் கையேட்டின்படி மறுபடி சோதிக்காமல் பறக்காதீர்கள்.

கேள்வி: மாலையில் சரியாக இருந்த கால், குளிர்ந்த காலையில் ஒரு செ.மீ. தாழ்ந்திருக்கிறது. கசிவா?

27 டிகிரியிலிருந்து மைனஸ் 3-க்கு இறங்கினால் காற்றின் கனஅளவு பத்தில் ஒரு பங்கு குறையும். நாலரை அங்குலத்தில் அது சுமார் 11 மி.மீ. வெயில் ஏறியதும் திரும்பினால் கசிவு இல்லை. இரண்டு கால்களும் ஒரே அளவு இறங்கியதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் இறங்கினால் அதைக் குளிர் செய்யவில்லை.

கேள்வி: அவசரத்துக்குக் கார் பிரேக் ஆயில் ஊற்றலாமா?

கூடாது. நைட்ரைல் சீல்கள் உருக்குலைந்துவிடும். நிறத்தை நம்பியும் ஊற்றாதீர்கள். கார் கியர்பாக்ஸ் ஆயிலும் சிவப்புதான். டப்பாவில் 5606 என்ற எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: எல்லாச் சீலும் புதிது, குரோமும் புதிது. ஆனாலும் ஒரு மாதத்தில் ஆயில் ஈரம். எங்கே தப்பு?

ஈரம் எங்கே என்று சொல்லவில்லையே! மூன்று இடங்கள் உண்டு. வால்வைச் சுற்றி என்றால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் ஊசியை மாற்றுவதோடு முடிந்தது. பிஸ்டன் குழாய் காய்ந்திருக்க, அச்சின் பக்கம், அதாவது குழாயின் அடியில் மட்டும் ஈரம் என்றால், குழாய்க்குள் அடியை மூடும் அடைப்பானின் ஓ-ரிங். வெளியே தெரியாததால் மாற்ற மறந்துபோகும் ரிங் அதுதான்.

பிஸ்டனைச் சுற்றி வளையமாக ஈரம், அதிலும் முன்புறமோ பின்புறமோ மட்டும் கூடுதலாக இருந்தால், அடிப் பேரிங் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் குழாய் ஒரு பக்கம் சாய, எதிர்ப்பக்கத்தில் ஓ-ரிங்கின் பிடி தளர்கிறது. விமானத்தைத் தூக்கி, ஒருவர் சக்கரத்தை முன்பின்னாக அசைக்க, இன்னொருவர் பேரிங்கின் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால், பிரித்து உள்விட்டத்தை முன்பின்னாக ஒரு முறை, இடவலமாக ஒரு முறை என்று அளந்து, கையேட்டின் தேய்மான எல்லையோடு ஒப்பிட்டு, பேரிங்கை மாற்றுங்கள். சீலை வீங்கவைக்கும் சேர்மானம் ஊற்றினால் கசிவு சில வாரம் அடங்கும், பேரிங் அந்தச் சில வாரமும் தேய்ந்துகொண்டே இருக்கும். மாற்றியபின் நிரப்பி, வெள்ளைத் தாள் ஒன்றைக் காலின் அடியில் விரித்து, 24 மணி நேரம் நிறுத்தி வையுங்கள். நீளத்தை அளந்து எழுதிவைத்து, மறுநாள் அதே வெப்பநிலையில் திரும்ப அளவுங்கள். தாளில் சொட்டு இல்லை, நீளமும் மாறவில்லை என்றால் உரிமம் பெற்ற பொறியாளரின் கையெழுத்துக்குக் கொண்டுபோகலாம்.